கதிரையைத் திரும்பிப் பாராத இராணி

"சனம் கதைக்கும்" என்று சொல்லித்தான் பிரேமிளாவுக்கு இராணி வேடம் இல்லை என்றார்கள். எனக்கு வந்த கோபத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். இந்த ஊரில் கதைக்கிற சனம் யார்? நான்தான். கோயில் கேற்றுக்கு நேர் எதிர்வீடு என்னுடையது. முப்பது வருஷமாக யார் வீட்டுக்கு யார் போனார், எத்தனை மணிக்குப் போனார், திரும்பும்போது கையில் என்ன இருந்தது என்பதெல்லாம் என் படலையைத் தாண்டித்தான் ஊருக்குள் போகும். அப்படிப்பட்ட என்னை ஒரு வார்த்தை கேளாமல், நான் கதைப்பேன் என்று என் தலையில் பழியைப் போட்டு ஒருத்தியின் ஆசையை மறுப்பதென்றால் அது எந்த ஊர் நியாயம்?

நடந்ததை முதலில் இருந்தே சொல்கிறேன்.

எங்கள் ஊர் மன்னார்த் தீவில், தோட்டவெளிக்கு அங்கால். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கோயில் பெருநாளுக்கு வாசாப்பு ஆடுவோம். வாசாப்பு என்றால் எங்கள் கத்தோலிக்கச் சனத்தின் கூத்து. ஐரோப்பிய இராசாக்கள் தமிழில் பாடி, மத்தளத்துக்கு மிதித்து ஆடுவார்கள். எங்கள் ஊருக்கென்று இருப்பது பிராஞ்சு தேசத்து இராணியின் கதை. பொய்க் குற்றத்தை நம்பி இராசா தன் பெண்சாதியையே சிறையில் போடுகிறான். கடைசியில் உண்மை வெளிவந்து, அழுது மன்னிப்புக் கேட்கிறான். எங்கள் ஏட்டில் உள்ள பிராஞ்சு தேசத்தில் தென்னஞ்சோலை இருக்கிறது. ஒட்டகமும் ஒன்று வரும். அதை ஒருவரும் பிழை என்று சொன்னதில்லை.

இராணியாக ஆடுகிறவர் ரொபின்சன். மன்னார் பஸ் நிலையத்தடியில் ஓட்டோ ஓட்டுகிறார். அவர் மீசையை எடுத்துவிட்டு வந்தால் வாசாப்பு வரப்போகிறது என்று பயணிகளுக்கே விளங்கும். ஆறு தரம் ஆடிவிட்டார். ஆறு தரமும் கூறைச்சீலை, பூமாலை, தலையில் தங்கத்தாள் ஒட்டிய முடி. அயலூர்களில் பெண்கள் மேடையேறி எத்தனையோ காலமாயிற்று. எங்கள் ஊரில் மட்டும் பெண் தைக்கலாம், சமைக்கலாம், மேடையைக் கூட்டலாம். அதற்கு மேலே ஏறக்கூடாது.

இந்த வருஷம் தவக்காலத்திலேயே ரொபின்சன், "முழங்கால் சரியில்லை, இனி என்னால ஏலாது" என்று சொல்லிவிட்டார். அதே கிழமை பாரிசில் இருக்கிற எங்கள் ஊராட்கள், பெருநாளுக்கு வருகிறோம், இராணியை இந்த முறை சீலையோடு விடாமல் உண்மையான பிராஞ்சு உடுப்பில் காட்டுங்கோ என்று செய்தி அனுப்பினார்கள். உடுப்பு என்றால் பிரேமிளாதான். ஊரின் தையல்காரி, என் அடுத்த வீடு. வயது முப்பத்தெட்டு, கலியாணம் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை என்பதற்கு என்னிடம் மூன்று கதைகள் இருந்தன. மூன்றும் பிழை என்று பிறகு தெரிந்தது, அதை விடுவோம்.

பிரேமிளாவின் அக்கா பிறின்சி பாரிசில் இருக்கிறாள். ஐந்து வருஷத்துக்கு முன், தையலுக்கு உதவும் என்று ஒரு பெட்டியில் பதினொரு படத்தட்டுகள் அனுப்பினாள். பதினொன்றிலும் ஒரே நடிகை. பழைய காலத்துப் பிராஞ்சு நடிகை. பெயரை வாசிக்க எங்கள் இருவருக்கும் நாக்கு வளையவில்லை. அதனால் "எங்கட அவ" என்றே பெயர் வைத்துக்கொண்டோம். எங்கட அவ நடித்ததெல்லாம் அரண்மனைப் படங்கள். ஒன்றில் பதினாறு வயது இளவரசி; கிழட்டு இராசாவுக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். ஒன்றில் புருஷன் செத்த மகாராணி. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு நாட்டை ஆளுகிறாள். இன்னொன்றில் இராசாவின் வைப்பாட்டி. நான் உள்ளே வந்தால் பிரேமிளா அந்தத் தட்டை மட்டும் நிற்பாட்டிவிடுவாள். யன்னலால் நான் அதை முழுதாகப் பார்த்து முடித்தது அவளுக்கு இன்றுவரை தெரியாது. கடைசிப் படத்தில் எங்கட அவவுக்கு வயது போய்விட்டது. பொய்முடியைக் கழற்றி, ஒட்ட வெட்டின தலையோடு, கழுத்து வெட்ட மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். முகத்தில் ஒரு பூச்சும் இல்லை. அந்த வண்டியிலும் அவ முதுகை எங்கும் சாய்க்கவில்லை.

ஒரு சொல் விளங்காது. ஆனாலும் பதினொரு கதையும் எங்களுக்குத் தெரியும். விளங்காத இடங்களை நாங்களே நிரப்பிக்கொண்டோம்.

"இளசில உடுப்பு அவவைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சதக்கா," என்றாள் பிரேமிளா ஒருநாள், வாயில் குண்டூசியோடு. "வயசு போனாப் பிறகு பாருங்கோ, அவதான் உடுப்பைத் தூக்கிக்கொண்டு திரியிறா."

நான் உடுப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேமிளாவோ ஒரே இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டாள். எங்கட அவ சபைக்குள் வந்து, பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்து, சிம்மாசனத்தில் அமருகிற இடம்.

"இருக்கிறதைப் பாருங்கோ. கதிரையைத் திரும்பிப் பாத்தவவோ?"

"இல்லை."

"எந்தப் படத்திலயும் பாக்கமாட்டா. கதிரை அங்க இருக்கும். கொண்டுவந்து வைக்கிறது மற்றாக்களின்ர வேலை."

"வைக்க மறந்து போனா?"

"விழுவா. விழுந்தாலும் ராணியாத்தான் விழுவா."

அன்று முதல் நான் எங்கே போனாலும் ஆட்கள் கதிரையில் இருக்கிறதைத்தான் பார்க்கிறேன். எல்லோரும் திரும்பிப் பார்த்துத்தான் இருக்கிறார்கள். ரொபின்சன் இராணியாக ஆடும்போது திரும்பிப் பார்ப்பதோடு நில்லாமல், கையால் தூசியும் தட்டிவிட்டுத்தான் இருப்பார்.

ரொபின்சன் விலகின உடனே பிரேமிளா அண்ணாவியாரிடம் போய்க் கேட்டாள். அண்ணாவியார் என்றால் கூத்தைப் பழக்குகிறவர். சந்தியோகு அண்ணாவியாருக்கு எழுபது வயது, நல்ல குரல், நல்ல மனுஷன். தன் சொல்லுக்கு மறுசொல் இல்லை என்று நினைக்கிற ஒரு நோய் மட்டும் உண்டு. பிரேமிளாவின் வீடு, கூத்துப் பழகுகிற மண்டபத்தின் முதுகோடு ஒட்டினது. இருபது வருஷமாக மெசினை மிதித்துக்கொண்டே இராணியின் பாட்டு முழுவதையும் பாடம் பண்ணி வைத்திருந்தாள். வாழ்க்கையில் அவள் வாய் திறந்து கேட்ட ஒரே பொருள் இதுதான்.

வாசாப்புக் கொமிற்றி கூடி, பத்து நிமிஷத்தில் முடிவு சொல்லிவிட்டது. சனம் கதைக்கும், அதனால் முழங்காலுக்குத் தைலம் பூசியாவது ரொபின்சனே ஆடட்டும், பிரேமிளா உடுப்பைத் தைக்கட்டும்.

சனம் என்ன கதைக்கும் என்று விசாரித்தேன். இராசாவாக ஆடுகிறவன் அமல்ராஜ். கடைசியில் அவன் இராணியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கலியாணம் கட்டாத பெண்ணின் கையைப் பிடித்தால் அமல்ராஜின் பெண்சாதி டினோஜா என்ன நினைப்பாள்? அதுதானாம் காரணம்.

நான் நேரே டினோஜா வீட்டுக்குப் போனேன். கருவாடு திருப்பிக்கொண்டிருந்தாள்.

"உன்ர மனுசன் பிரேமிளாவின்ர கையைப் பிடிச்சா உனக்கென்ன பிள்ளை?"

அவள் நிமிரவில்லை. "அந்தாளை ஆராவது ஒரு மூண்டு மணித்தியாலம் பிடிச்சு வைச்சிருந்தாக் காணுமக்கா. நான் கொஞ்சம் படுத்தெழும்புவன்."

"உன்னை ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

"என்னையோ? வீட்டில என்ன கறி எண்டே கேக்கிறேல்லை."

ஞாயிறு பூசை முடிந்து கொமிற்றி மண்டபத்தில் கூடியது. ஏழு ஆண்கள், ஏழு பிளாஸ்டிக் கதிரைகள். ஏழு பேரும் திரும்பிப் பார்த்துத்தான் இருந்தார்கள். நான் அழையாமலே உள்ளே போனேன்.

"சனம் கதைக்கும் எண்டனீங்களாம். ஆர் அந்தச் சனம்? பேரைச் சொல்லுங்கோ."

"பொதுவாச் சொன்னது, மரியம்மா," என்றார் அண்ணாவியார்.

"பொதுவா எண்டு இந்த ஊரில ஒரு ஆளும் இல்லை. நான் இருக்கிறன். நான் என்ன கதைப்பன் எண்டு நீங்கள் என்னெண்டு முடிவெடுப்பியள்?"

"அது வந்து..."

"கதைக்க எனக்கு வேற விசயம் இல்லாமலே? போன பெருநாளுக்கு வாங்கின வெடியில பாதி ஆரின்ர வீட்டுக் கலியாணத்தில வெடிச்சது? கதைச்சனானே? கோயில் தண்ணித் தாங்கி பழுதாப்போச்செண்டு எடுத்துக்கொண்டு போனது, இப்ப ஆரின்ர கூரையில நிக்குது? கதைச்சனானே?"

இரண்டு கதிரைகள் கிறீச்சிட்டன. எந்த இரண்டு என்று நான் இங்கேயும் எழுதமாட்டேன்.

"அது வேற, இது வேற," என்றார் அண்ணாவியார். "ராணிப் பாட்டு ஆம்பிளைச் சுதி. பிறகு, டினோஜாவும் ஒரு குடும்பப் பொம்பிளை. அவளின்ர மனசையும் பாக்க வேணும்."

"கேட்டனீங்களே?"

"கேக்கத் தேவையில்லை. தெரியும்."

"நான் கேட்டனான்." டினோஜா சொன்னதைச் சொல்லுக்குச் சொல் சொன்னேன். மூலையில் நின்ற அமல்ராஜ் தன் செருப்பைப் பார்த்தான். ஒருவர் சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

அண்ணாவியார் சிரிக்கவில்லை. "முடிவெடுத்தது எடுத்ததுதான். பிள்ளை வடிவாத் தைக்குது. தைக்கட்டும்."

அதைவிட மோசம், பிரேமிளாவின் வீட்டுக்குப் போனால் அவள் துணி வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

"விசரோ உனக்கு? ஏலாது எண்டு எறிஞ்சு போட்டு வா!"

"உடுப்பு என்ன பிழை செய்ததக்கா?" என்றாள். கத்தரிக்கோல் நிற்கவில்லை.

அந்த உடுப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கட அவ மகாராணியாக வருகிற படத்தை நிற்பாட்டி நிற்பாட்டிப் பார்த்து எடுத்த அளவு. கடும் நீல வெல்வெட். இடுப்புக்குக் கீழே குடைபோல் விரிய வேண்டும். அதற்குத் தண்ணீர்க் குழாய் போடுகிற கறுப்புப் பைப்பை வளைத்து மூன்று வளையம் செய்தாள். ஆனால் பெருநாள் வருவது சோளகக் காற்றுக் காலம். மேடை திறந்த வெளி. பாவாடை நிற்குமா? எங்கள் ஊர்க்காரிக்கு அதற்கும் வழி தெரியும். வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகளை விளிம்பின் மடிப்புக்குள் சுற்றிவர வைத்துத் தைத்தாள். வலை எப்படிக் கடலுக்குள் நேராக நிற்குமோ, அப்படிப் பாவாடை நின்றது.

இனி வெள்ளுடுப்பு. பெருநாளுக்கு இரண்டு கிழமை முன் ஊர்ச்சனத்துக்கு ஆடிக்காட்டுகிற கடைசிப் பழக்கத்துக்கு எங்கள் ஊரில் அப்படிப் பெயர். அதில் ஒரு ஒழுங்கு உண்டு. ஆள் வந்து ஆடி முடிந்ததும், இன்னொரு ஆட்டக்காரனின் வீட்டார் வந்து அவருக்கு மாலை போடவேண்டும். மாலை விழுந்தால் வேடம் அவருக்கே. பிறகு மாற்ற அண்ணாவியாராலும் முடியாது. எந்தக் காலத்திலோ ஒருமுறை மாற்றி, ஆட்டத்தன்று மேடை சரிந்ததாம். அன்றிலிருந்து ஒருவரும் துணிந்ததில்லை.

பின்னேரம் நான்கு மணி. வெயில் சாயவில்லை, காற்று மட்டும் கிளம்பிவிட்டது. கோயில் வளவுக்குள் சனம் பாயோடு வந்து இருந்தது. ஊரில் அலைகிற கழுதைகளில் இரண்டும் வழக்கம்போல முன்வரிசையில். முதலில் அமல்ராஜ் இராசாவாக வந்து ஆடினான். ரொபின்சனின் பெண்சாதி அவனுக்கு மாலை போட்டாள். பிறகு ரொபின்சன் நீல வெல்வெட்டில் வந்தார். சனம் "ஆ!" என்றது. நானும் வாயைத் திறந்தேன், உண்மையைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் அடியிலேயே காற்று பாவாடைக்குள் புகுந்தது. கறுப்புப் பைப் வளையங்கள் மூன்றும் குடை திரும்புகிற மாதிரி மேலே போய், இராணியின் தலையை மூடின. கீழே ரொபின்சனின் காற்பந்துக் காற்சட்டை, இலக்கம் பத்து. உள்ளேயிருந்து பாட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது. மனுஷன் தாளம் விடவில்லை. அப்படியே பின்னால் தடவித் தடவிக் கதிரையைத் தேடி இருந்தார். வளையம் இன்னும் நிமிர்ந்து, முடியைத் தட்டிக் கழுதைக்கு முன்னால் போட்டது.

வளவு முழுக்கச் சிரிப்பு. பிரேமிளா சிரிக்கவில்லை. விளிம்பைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள்.

"ஈயக்குண்டு எங்க?"

"கழட்டினன் தங்கச்சி," என்றார் ரொபின்சன் வெல்வெட்டுக்குள் இருந்து. "முழங்காலோட உந்தப் பாரத்தை இழுக்கேலாது. வலையோ பாவாடையோ எண்டு நேற்று மனிசியைக் கொண்டு பிரிச்சுப்போட்டன்."

டினோஜா மாலையோடு எழும்பினாள். இராணிக்கு மாலை போடவேண்டியது இராசாவின் வீட்டுக்காரி. ரொபின்சன் இரண்டு கையையும் நீட்டித் தடுத்தார். "போடாத பிள்ளை. போட்டியெண்டா நான் ஆடத்தான் வேணும். அண்ணாவியார், என்னை விடுங்கோ. முதலே சொன்னனான்."

அண்ணாவியாரின் முகம் இறுகியது. "சீலையைக் கட்டிக்கொண்டு வா."

"கால் ஏலாதெண்டு சொல்லுறன். காலுக்கு என்ன, சீலை தெரியுமோ உடுப்புத் தெரியுமோ?"

பொழுது போய்க்கொண்டிருந்தது. மத்தளகாரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். கடைசியில் அண்ணாவியார் எங்கோ கடல் பக்கம் பார்த்துச் சொன்னார்: "இண்டைக்கு மட்டும், ராசாவின்ர பழக்கம் குழம்பாமல் இருக்க, பிரேமிளா வந்து இடத்துக்கு நிக்கட்டும். இடத்துக்கு மட்டும்."

இடத்துக்கு மட்டும்! தைக்கவும் அவள், நிற்கவும் அவள், இராணி மட்டும் வேறு ஆள்! நான் எழும்பிவிட்டேன். ஆனால் கத்தவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது. அமல்ராஜின் வலை கோயில் மதிலில் காய்ந்தது. அதிலிருந்து ஈயக்குண்டுகளைப் பிடுங்கி மடியில் அள்ளிக்கொண்டு வந்தேன். "என்ர வலை!" என்று இராசா மேடையில் இருந்து கத்தினார். "பேசாமல் நில்லும்," என்றாள் டினோஜா. ரொபின்சன் கழற்றின உடுப்பைப் பிரேமிளாவுக்குப் போட்டு, ஆறு பெண்கள் சுற்றி இருந்து, குண்டுகளைத் துணித்துண்டில் முடிந்து, சட்டைப் பின்களால் விளிம்பு முழுவதும் குத்தினோம்.

பிரேமிளா வந்தாள்.

நான் ஐந்து வருஷம் எங்கட அவவைப் பார்த்தவள். ஆதலால் எனக்கு முதலில் தெரிந்தது. மற்றவர்களுக்குத் தெரியக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அவள் நடக்கிறாள் என்று தெரியவில்லை, பாவாடை தானாக நகர்ந்தது. காற்று அடித்தது, வெல்வெட் ஒருமுறை மூச்சு வாங்கி அமர்ந்தது. தாளத்துக்கு மிதி உள்ளே நடந்தது. வெளியே விளிம்பு மட்டும் அசைந்தது. பாட்டை அண்ணாவியாரின் சுதியிலேயே எடுத்தாள். "மன்னவனே, நான் செய்த பிழையென்ன சொல்லும்" என்று இராணி கேட்கிற இடம். ரொபின்சன் அதை அழுது பாடுவார். பிரேமிளா அழவில்லை. கேட்டாள். இராசாவிடம் மட்டுமல்ல, பின்னால் கதிரைகளில் இருந்த கொமிற்றியின் ஏழு பேரிடமும் கேட்டாள். சனத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று.

பாட்டு முடிகிற இடத்தில் இராணி பின்னால் போய்ச் சிம்மாசனத்தில் இருக்கவேண்டும். அவளுக்குப் பின்னால் பார்த்தேன். ரொபின்சன் எழும்பின அவசரத்தில் கதிரை ஒரு முழம் தள்ளிப்போய் நின்றது. பிரேமிளா பாடிக்கொண்டே பின்னால் வருகிறாள். திரும்பமாட்டாள். எனக்குத் தெரியும், அவள் திரும்பமாட்டாள்.

"கதிரை!" என்று நான் கத்தியிருப்பேன். அதற்குள் மேடையின் ஓரத்தில், காலை நீட்டி இருந்த ரொபின்சன் அந்த முழங்காலோடு உருண்டு, கதிரையின் காலைப் பிடித்து ஒரே தள்ளு. பிரேமிளா இருந்தாள். முதுகு சாயவில்லை. தலை திரும்பவில்லை.

பிறகு டினோஜா செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினாள். அண்ணாவியார், "பிள்ளை, அது இடத்துக்கு மட்டும்..." என்று கையைத் தூக்கினார். டினோஜா கேட்காத மாதிரிப் போய், கையில் இருந்த மாலையைப் பிரேமிளாவின் கழுத்தில் போட்டாள். எவள் என்ன நினைப்பாள் என்று ஏழு பேர் கூடி முடிவெடுத்தார்களோ, அவளே போட்டாள். அதோடு முடிந்தது. மேடை சரியும் என்ற பயம் அண்ணாவியாரின் நாவைக் கட்டிப்போட்டது.

பெருநாளன்று அவள் ஆடினதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பாரிஸ்காரரின் தொலைபேசிகளில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு.

ஆட்டத்துக்கு முன்னம் சனத்துக்குக் கொடுக்கிற நோட்டீசை முதலே அச்சடித்துவிட்டார்கள். அதில் "இராணி: ரொபின்சன்" என்று கிடந்தது. பிரேமிளாவின் பெயர் உடுப்புக்குக்கூட இல்லை. திருத்தி அடியுங்கோ என்று அண்ணாவியாரிடம் போனேன்.

"இனி எங்க நேரம்? உதை ஆர் மரியம்மா வாசிக்கப்போகினம்?"

சனம் கதைக்கும் என்று பயந்தவர்தான், சனம் வாசிக்காது என்கிறார்!

நான் நானூறு நோட்டீசையும் வாங்கிக்கொண்டு வந்து, கேற்றடியில் ஒரு மேசையைப் போட்டு, பேனையால் ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்கினேன். மத்தியானத்துக்கு விரல் மரத்துவிட்டது. ரொபின்சன் ஓட்டோவை நிற்பாட்டி இறங்கி, நொண்டிக்கொண்டு வந்து, ஒரு கட்டு நோட்டீசை எடுத்து, தன் பெயரைத் தானே வெட்டிப் பிரேமிளாவின் பெயரை எழுதினார். "எழுத்து வடிவா இருக்கோ அக்கா?" என்று கேட்டார். இல்லை, கோழி கிளறின மாதிரி இருந்தது. நல்லாய் இருக்கு என்றேன்.

ஆட்டத்துக்கு முதல் மணி அடிக்க அண்ணாவியார் வந்தார். கையை நீட்டினார். ஒன்று கொடுத்தேன். பார்த்தார். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒரு வார்த்தை சொன்னால் வாயில் முத்தோ உதிரும்?

ஒரேயொரு நோட்டீசை மட்டும் நான் திருத்தாமல் அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். நாளைக்கு யாராவது, நாங்கள் ஒருநாளும் மறுக்கவில்லை, பிள்ளையை நாங்கள்தான் மேடையேற்றினோம் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். வரட்டும். அலுமாரித் திறப்பு என் இடுப்பில் தொங்குகிறது.